செய்தி பொது, சொல் யாருடையது?

காஞ்சிக்கு அருகிலுள்ள கூரத்தில் தோன்றியவர் கூரத்தாழ்வான். காசுமீரத்தில் போதாயன விருத்தி ஏடு கைநழுவிப் போக, இராமாநுசர் வருந்தினார். இரவெல்லாம் அதனைப் படித்து மனத்திற் பதித்திருந்த ஆழ்வான் ஒப்பித்து உதவினார் என்பது வைணவ மரபு. இராமாநுசர் தம் சொல்லில் ஸ்ரீபாஷ்யம் வரைந்தார். தொடக்கத்திலேயே போதாயனரைப் பெயர் சுட்டினார்.

இந்நெறி இன்றும் வேண்டுவதே. சுகாதாரத் துறையின் துண்டுப்பிரசுரத்தைக் கலைக்களஞ்சியக் கட்டுரையில் அப்படியே பெய்துவிடலாமா? அமெரிக்கக் கூட்டாட்சி அரசின் ஊழியர் கடமையாக எழுதியவற்றுக்கு அந்நாட்டில் பதிப்புரிமை இல்லை. நம் நாட்டிலோ, 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி அரசு வெளியீட்டுக்கு அரசே உரிமையாளர். வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டு முதல் 60 ஆண்டுகள் அவ்வுரிமை நிற்கும். அரசிதழில் வெளியானவை போன்ற சிலவற்றுக்கே விலக்கு உண்டு.

ஆயினும் அஞ்ச வேண்டா. சட்டம் காப்பது சொற்கோவையை, உண்மையை அன்று. வயிற்றுப்போக்குக்குக் காய்ச்சி ஆறிய நீர் ஒரு லிட்டரில், தலைதட்டிய தேக்கரண்டியால் சர்க்கரை ஆறும் உப்பு அரையும் கரைத்துத் தருக என்பது யாவர்க்கும் பொது. உணர்ந்து உங்கள் நடையில் எழுதுங்கள், மூலத்தைச் சுட்டுங்கள். ஒன்று மட்டும் நான் வற்புறுத்துவேன்: சொல்லை மாற்றலாம், அளவை மாற்றலாகாது. உப்பு மிகுந்தால் வருந்துவது குழந்தையே.