மலையேறி வரவேண்டிய கல்லூரி
(ஏற்காட்டில் கூடிய நம் சங்க ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



சேர்வராயன் மலையின்மேல் நாம் கூடியிருக்கின்றோம். கீழே சேலம் நாளுக்கு நாள் பெருகுகின்றது. அது 1994-இல் மாநகராட்சியாயிற்று. 1997-இல் பெரியார் பல்கலைக்கழகமும் அங்கே தோன்றிற்று. ஆயினும் இடையே கிடக்கும் 20 கொண்டையூசி வளைவுகள் ஏழைப் பிள்ளைக்குப் பெருந்தடையாம்.

பத்தாம் வகுப்பில் தவறியவனையும், மணமானபின் ஏட்டை மூடிவைத்த பெண்ணையும் வரவேற்கும் கல்லூரி எது? அதுவே சமுதாயக் கல்லூரி. அமெரிக்க நாட்டு ஜோலியட் நகரில் 1901-இல் 6 மாணாக்கரோடு தொடங்கிய சிறு கல்லூரி இதற்கு முன்னோடி. டாலஸ் மாநகரத்தார் தம் முதற் கல்லூரியை 1966-இல் பழைய கடைக் கட்டிடம் ஒன்றிலேயே திறந்தனர். 1978-க்குள் ஊரின் பல புறத்தும் 7 கல்லூரிகள் எழுந்தன. மாணாக்கன் கல்லூரியைத் தேடி அலையாமல், கல்லூரியே அவனிருக்குமிடம் நோக்கி வந்தது. நம் நாட்டிலும் புதுவைப் பல்கலைக்கழகம் 1995-இலும், சென்னைக் கத்தோலிக்க உயர் மறைமாவட்டம் 1996-இலும் இத்தகைய கல்லூரிகளை நிறுவின. கைத்தொழில், பிறரோடு பேசிப் பழகும் திறம், கணினி, பின்னர்த் தொழில் நடக்குமிடத்திலேயே பயிற்சி ஆகியவை அங்கே பாடமாம்.

அன்பர்களே! நம் சங்கக் கட்டிடத்தின்மேல் மணமண்டபம் எழுப்பும் தீர்மானம் இன்று உங்கள்முன் வருகின்றது. யாம் அதனை மறுக்கவில்லை. ஆனால் மண்டபத்தில் முகூர்த்த நாட்களில் மட்டுமே விளக்கெரியும். ஏனைய நாட்களில் அங்கே வகுப்பு நடக்கலாகாதா? காப்பிக்கொட்டை பதப்படுத்தலும், சில்வர் ஓக் மரத்தில் மிளகுக்கொடி ஏற்றி வளர்த்தலும், விடுதிப் பணியும், மோட்டார் பழுது பார்த்தலும் இம்மலையிலேயே பிழைப்புத் தரும் வித்தைகள் அல்லவா? நாமே சான்றிதழ் அச்சிட்டால் எவரும் மதியார். ஆதலின் சேலத்துக் கல்லூரி ஒன்றோடு உடன்பாடு செய்து அதன் சான்றிதழைப் பெறுதல் வேண்டும்.

‘நம்மவர் பொருளில் பிறர் படிப்பதா?’ என்பார் சிலர். நமக்கு முன்னரே இம்மலையில் வாழ்ந்தவர் மலையாளிப் பழங்குடியினர். அவர் பிள்ளைகள் வாயிலில் நிற்க, நம் பிள்ளைகள் மட்டும் உள்ளே படிப்பின் அதற்குச் சமுதாயக் கல்லூரி என்னும் பெயர் பொருந்தாது.

ஆகவே, மண்டபத் தீர்மானத்தோடு ‘ஏனைய நாட்களில் எல்லாருக்கும் பாடசாலை’ என்னும் சொற்களையும் சேர்த்து நிறைவேற்றுமாறு வேண்டி அமர்கின்றோம்.