தீட்டன்று, காவல் அரண்



வெள்ளிவிழா மேடையில் இப்பொருளைப் பேசலாமா என்று சிலர் தயங்கக்கூடும். ‘தீட்டு’ என்னும் ஒரு சொல் நம்மை ஊருக்கு வெளியே நிறுத்திய கொடுமையை நாம் அறிவோம். அதே சொல்லை நம் வீட்டுப் பெண்களின் உடல்மீது நாமே சுமத்துவது முறையாகுமா? அறிவியல் வேறுவிதமாகக் கூறுகிறது.

பெண்ணின் பிறப்புறுப்பு, நோயைத் தடுக்க இயற்கை அமைத்த கோட்டையாகும். பல அடுக்குகளாலான யோனிச்சுவர் அதன் முதல் அரண். பருவமெய்தியபின் ஈஸ்ட்ரோஜன் என்னும் சுரப்பு அச்சுவரைத் தடிக்கச் செய்து, கிளைக்கோஜன் என்னும் மாவுப்பொருளை அதில் சேர்க்கிறது. அதைக்கொண்டு வாழும் நுண்ணுயிர்கள் லாக்டிக் அமிலத்தை உண்டாக்குகின்றன. 1892ஆம் ஆண்டில் ஜெர்மானிய மருத்துவர் டோடர்லைன் இவற்றை விளக்கினார். பாலைத் தயிராக்கும் நுண்ணுயிர்களின் உறவினங்களே இவை. இவற்றின் புளிப்பில் பல நோய்க்கிருமிகள் தழைப்பதில்லை. இரண்டாம் அரண், கருப்பை வாயைக் காக்கும் கோழை. அதில் கிருமிகளைப் பற்றும் எதிர்ப்பொருள்கள் உள்ளன. மூன்றாம் அரண், திசுக்களில் காவல் புரியும் வெள்ளணுக்கள். எனவே, நாற்றமும் அரிப்பும் இல்லாத இயல்பான வெள்ளைக்கசிவு நோயன்று. சோப்பும் கிருமிநாசினியும் இட்டு உட்புறத்தைக் கழுவுவது காவலரையே விரட்டுவதாகும்.

எனினும், இக்கோட்டை வெல்ல முடியாததன்று. இளம்பெண்களின் கருப்பை வாயில் மெல்லிய ஒற்றையடுக்குத் திசு வெளிப்புறம்வரை பரவியிருக்கும். கிளமிடியா, வெட்டை நோய்க் கிருமிகள் அதில் எளிதாகப் பற்றும். இளவயது மணத்தை நாம் எதிர்ப்பதற்கு இதுவும் ஒரு காரணம். கிளமிடியா பெரும்பாலும் அறிகுறியின்றியே இருந்து, கருக்குழாய்களைத் தழும்பேற்றி அடைத்துவிடக்கூடும். கணவன் கொணர்ந்த நோய்க்கு மனைவி ‘மலடி’ என்று பழிசுமக்கும் அநீதி இதனால் விளைகிறது. ஆகவே, சோதனையும் மருந்தும் இருவருக்கும் வேண்டும். ஆணுறையைப் பயன்படுத்துவது ஆணின் கடமை.

கருப்பை வாய்ப் புற்றுநோய் ஏறத்தாழ முழுவதும் மனித பாப்பிலோமா வைரஸால் வருவதே. இவ்வைரஸுக்கும் அந்நோய்க்கும் உள்ள தொடர்பைக் கண்ட ஹாரால்ட் சூர் ஹௌசன் 2008இல் நோபல் பரிசு பெற்றார். இதற்குத் தடுப்பூசி உண்டு. 9 முதல் 14 வயதுவரையுள்ள சிறுமியருக்கு முதலில் அளிக்குமாறு உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. இயற்கை அமைத்த அரணோடு அறிவு எழுப்பும் அரணும் சேரட்டும்.

இளைஞர்களே! இச்சங்கம் நமக்கு எழுத்தறிவித்தது, அச்சத்தை வெல்லவே. கூச்சத்தால் நம் சகோதரி ஒருத்தியேனும் மருத்துவமனை வாயிலை மிதிக்காது மடிவாளாயின், நாம் கற்ற கல்வி குறையுடையதே. வீட்டில் பேசுங்கள், தாய்க்கும் தங்கைக்கும் துணையாக மருத்துவமனைக்குச் செல்லுங்கள். ‘தீட்டு’ என்னும் சொல்லை நம் இல்லத்திலிருந்தே முதலில் வெளியேற்றுவோம்.