கூலிப்படை என்று யாரைச் சொல்வது?



2007 செப்டம்பர் 16 அன்று பாக்தாத்தின் நிசூர் சதுக்கத்தில் பிளாக்வாட்டர் நிறுவனத்தின் ஆயுதக் காவலாளிகள் சுட்டதில் 17 ஈராக்கியர்கள் கொல்லப்பட்டார்கள். சுட்டவர்கள் சம்பளத்துக்குத் துப்பாக்கி தூக்கிய அமெரிக்கர்கள். ஆனாலும் அவர்களைக் கூலிப்படை என்று சொல்லச் சட்டத்தில் இடமில்லை. போரில் ஈடுபட்ட நாட்டின் குடிமக்களை அந்த வரையறையிலிருந்து விலக்குகிறது 1989 ஐ.நா. உடன்படிக்கை. அதில்கூட அமெரிக்கா சேரவில்லை.

ஈராக் நீதிமன்றமும் அவர்களைத் தொட முடியவில்லை. ஆக்கிரமிப்பு நிர்வாகத்தின் 17ஆம் ஆணை ஒப்பந்தக்காரர்களுக்கு விலக்கு தந்திருந்தது. 2014இல் அமெரிக்க நீதிமன்றம் நால்வரைக் குற்றவாளிகள் என்றது. 2020இல் டிரம்ப் நால்வரையும் மன்னித்தார்.

எது குற்றம் என்று சொல்லும் அதிகாரம் ஆள்பவர்களிடமே இருந்தால் என்ன நடக்கும் என்பதைச் சாதி நமக்குக் காட்டியிருக்கிறது. நான் கேட்பது ஒன்றுதான்: செத்தவரின் மண்ணிலேயே விசாரணை நடக்க வேண்டும்.