மாட்டுக்கு ஒரு பார்வை, மிஷினுக்கு ஒரு பார்வை

(பாலக்காடு மாவட்டம் சித்தூர்ப் பகுதித் தொடர்கல்வி மையம் ஒன்றில் எழுத்தறிவுத் தொண்டர் பேசியது)

 

நம் சித்தூர்த் தாலுகா கேரளத்தில் இருக்கிறது. நாம் பேசுவது தமிழ். நம் தொழில் விவசாயமும் மாடும். 1991 ஏப்ரல் 18 அன்று கேரளம் முழு எழுத்தறிவு பெற்ற மாநிலம் என்று அறிவித்தார்கள். அந்த இயக்கத்தில் நம் ஊர்ப் பெரியவர்கள் பலர் தமிழில் எழுத்துக் கற்றார்கள். இன்று நீங்களும் படிக்கிறீர்கள். படித்த எழுத்து எதற்குப் பயன்படும்? தொழிலுக்குப் பயன்பட வேண்டும். கையைக் காப்பாற்றவும் பயன்பட வேண்டும். அதைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

மாடு வளர்ப்பதை உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. உங்கள் பாட்டி காலத்திலிருந்து உங்களுக்குத் தெரியும். மாடு அசை போடவில்லை என்றால் உடனே கவனிப்பீர்கள். காது சில்லென்று இருந்தால் கவனிப்பீர்கள். ஆனால் கொட்டகையில் இன்று மாடு மட்டும் இல்லை. மிஷினும் இருக்கிறது. மிஷின் கத்தாது. தீனி கேட்காது. அதனால் நாம் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை. கெட்டுப்போன பிறகுதான் பார்க்கிறோம்.

மிஷின் ஏன் வந்தது?

முன்பு வீட்டுக்கு ஒரு மாடு, இரண்டு மாடு இருந்தது. குஜராத்தில் கைரா மாவட்ட விவசாயிகள் 1946இல் ஒரு பால் சங்கம் அமைத்தார்கள். அதுதான் பிறகு அமுல் என்று பெயர் பெற்றது. 1970இல் வெண்மைப் புரட்சித் திட்டம் தொடங்கியது. 1980இல் கேரளத்தில் மில்மா வந்தது. ஊருக்கு ஊர் சொசைட்டி வந்தது. பாலுக்கு நிலையான விற்பனை கிடைத்தது. சில குடும்பங்கள் மாட்டைப் பெருக்கின. 20 மாடு, 30 மாடு உள்ள குடும்பப் பண்ணைகள் வந்தன.

30 மாடு உள்ள வீட்டை நினைத்துப் பாருங்கள். பெரிய மாடு ஒன்றுக்கு ஒரு நாளைக்கு 25 முதல் 30 கிலோ பசும்புல் வேண்டும். 30 மாட்டுக்குக் கணக்குப் போடுங்கள். 750 முதல் 900 கிலோ! இவ்வளவு புல்லையும் அரிவாளால் நறுக்க முடியுமா? வெயில் காலத்தில் கறவை மாடு ஒன்று 60 லிட்டருக்கு மேல் தண்ணீர் குடிக்கும். இதைக் குடத்தில் சுமக்க முடியுமா? 20 மாட்டுப் பாலை இரண்டு பேர் கையால் கறந்து, வண்டி வரும் நேரத்துக்குக் கொடுக்க முடியுமா?

அதனால்தான் புல் வெட்டும் மிஷின் வந்தது. மோட்டார் வந்தது. பால் கறக்கும் மிஷின் வந்தது. மிஷின் நமக்குத் துணை. ஆனால் அதை இயக்குபவருக்கு அதைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டும். பல வீடுகளில் புல் போடுவதும் பால் கறப்பதும் பெண்கள். மெக்கானிக் வந்தால் பேசுவது ஆண்கள். மிஷினோடு தினமும் நிற்பவருக்கு அதைப் பற்றி யாரும் சொல்வதில்லை. இது மாற வேண்டும்.

விடிகாலை வேலை

விடிகாலை 4 மணிக்குப் பண்ணையில் வேலை தொடங்குகிறது. முதலில் சாணி அள்ளிக் கொட்டகையைக் கழுவுகிறோம். பிறகு கறவை.

மடியைக் கழுவுங்கள். உலர்ந்த துணியால் துடையுங்கள். ஒரு மாட்டுக்கு ஒரு துணி. ஒரே துணியால் எல்லா மாட்டையும் துடைத்தால் ஒரு மாட்டின் மடிநோய் அடுத்த மாட்டுக்குப் போகும். பிறகு ஒவ்வொரு காம்பிலும் மூன்று, நான்கு பீச்சு கையால் கறந்து பாருங்கள். கறுப்பு நிறத் தட்டில் கறந்தால் திரி திரியாக இருப்பது நன்றாகத் தெரியும். திரி இருந்தால் அது மடிநோய். அந்த மாட்டைக் கடைசியில் தனியாகக் கறக்க வேண்டும். அந்தப் பாலைக் கேனில் சேர்க்கக் கூடாது. டாக்டரைக் கூப்பிட வேண்டும்.

துடைத்த ஒரு நிமிடத்துக்குள் மிஷினை மாட்டுங்கள். மாடு பாலை இறக்கிவிடுவது ஐந்து, ஆறு நிமிடங்கள்தான். பால் நின்ற பிறகும் மிஷினை ஓட விட்டால் காம்பு புண்ணாகும். கழற்றும்போது காற்றை அடைத்துவிட்டுக் கழற்றுங்கள். இழுத்துப் பிடுங்காதீர்கள்.

கறந்து முடிந்ததும் காம்பை அயோடின் மருந்தில் முக்குங்கள். பிறகு தீவனம் வையுங்கள். ஏன் தெரியுமா? கறந்த பிறகு காம்பின் துளை அரை மணி நேரமாவது திறந்திருக்கும். மாடு உடனே படுத்தால் சாணியிலுள்ள கிருமி உள்ளே போகும். தீவனம் வைத்தால் மாடு நின்றுகொண்டே தின்னும்.

கறவை மிஷினின் உடல்நலம்

கறவை மிஷின் எப்படி வேலை செய்கிறது? கன்று எப்படிப் பால் குடிக்கிறது? உறிஞ்சும், விடும். உறிஞ்சும், விடும். மிஷினும் அதையே செய்கிறது. ஒரு நிமிடத்துக்கு ஏறக்குறைய 60 தடவை. காம்பில் மாட்டும் கிண்ணத்துக்குள் ஒரு ரப்பர் இருக்கிறது. அதற்கு லைனர் என்று பெயர். அது திறந்து மூடுவதால்தான் பால் வருகிறது. காம்புக்கும் ஓய்வு கிடைக்கிறது.

இந்த ரப்பர் 2,500 கறவைக்குத்தான் தாங்கும். ஒரு கணக்குப் போடுவோம். உங்கள் வீட்டில் கறவையில் 20 மாடு. கறக்கும் செட் இரண்டு. அப்படியானால் ஒரு செட்டுக்கு 10 மாடு. காலையும் மாலையும் சேர்த்து ஒரு நாளைக்கு 20 கறவை. 2,500ஐ 20ஆல் வகுத்தால் 125 நாள். அதாவது நான்கு மாதம். நான்கு மாதத்துக்கு ஒரு முறை ரப்பரை மாற்ற வேண்டும். மாடு குறைவாக இருந்தாலும் ஆறு மாதத்துக்கு மேல் வைக்காதீர்கள். பழைய ரப்பர் வெடிக்கும். வெடிப்பில் கிருமி ஒளியும். எவ்வளவு கழுவினாலும் போகாது.

மிஷினில் ஒரு மீட்டர் இருக்கும். அதில் முள் எங்கே நிற்க வேண்டும் என்று மிஷினோடு வந்த புத்தகத்தில் போட்டிருக்கும். மெக்கானிக் வரும்போது கேளுங்கள். அந்த இடத்தில் பச்சைப் பெயிண்டால் ஒரு கோடு போடுங்கள். தினமும் கறக்கும் முன் பாருங்கள். முள் கோட்டுக்கு மேலே போனால் காம்பு வீங்கும். கீழே இறங்கினால் கிண்ணம் நழுவி விழும். ரப்பர் குழாயில் எங்கோ ஓட்டை இருக்கலாம். அல்லது பெல்ட் தளர்ந்திருக்கலாம்.

பம்பில் ஆயில் கோப்பை இருக்கும். அதையும் தினமும் பாருங்கள். ஆயில் இல்லாமல் ஓடினால் பம்பு சூடேறிப் பிடித்துக்கொள்ளும். கொஞ்சம் ஆயிலுக்குப் பார்த்தால் பம்பே போய்விடும்.

கழுவும் முறை

கறந்த உடனே வெதுவெதுப்பான தண்ணீரால் அலசுங்கள். முதலிலேயே கொதிக்கும் தண்ணீரை ஊற்றாதீர்கள். ஊற்றினால் பால் வெந்து ஒட்டிக்கொள்ளும். அலசிய பிறகு, சுடுதண்ணீரில் கழுவும் பவுடரைக் கலந்து பிரஷ்ஷால் தேயுங்கள். பிறகு நல்ல தண்ணீரில் அலசுங்கள். எல்லாவற்றையும் தலைகீழாகத் தொங்கவிட்டு உலர விடுங்கள். வாரம் ஒரு முறை அதற்கான அமிலக் கரைசலால் கழுவ வேண்டும். தண்ணீரின் உப்பும் பாலும் சேர்ந்து படியும் வெள்ளைக் கறை அப்போதுதான் போகும். பவுடரையும் அமிலத்தையும் ஒன்றாகக் கலக்காதீர்கள். கையுறை போடுங்கள்.

மடியிலிருந்து வரும் பால் சூடாக இருக்கும். அந்தச் சூட்டில் கிருமி வேகமாகப் பெருகும். 4 டிகிரிக்குக் குளிர்ந்துவிட்டால் பெருகுவது மிகவும் குறையும். அதனால் கறந்த பாலைச் சீக்கிரம் சொசைட்டியில் சேர்க்க வேண்டும். அழுக்குக் குழாயில் வந்த பால் சூடாக்கினால் திரிந்துவிடும். சொசைட்டியில் திருப்பி அனுப்புவார்கள். ஒரு நாள் உழைப்பு சாக்கடையில் போகும்.

கை பத்திரம்!

இப்போது மிக முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். அதுதான் புல் வெட்டும் மிஷின். இந்தியாவில் எத்தனையோ ஊர்களில் இந்த மிஷினில் விரல் இழந்தவர்கள் உண்டு. கையே இழந்தவர்களும் உண்டு.

கை எப்போது உள்ளே போகிறது? புல் சிக்கும்போது. கடைசிக் கைப்பிடிப் புல்லைத் தள்ளும்போது. தூக்கக் கலக்கத்தில். இருட்டில். அவசரத்தில். குடித்துவிட்டு மிஷினில் நிற்கும்போது. சேலைத் தலைப்பு, துண்டு, தொளதொளச் சட்டைக்கை சிக்கும்போது. பிள்ளைகள் விளையாடும்போது.

அதனால் இந்தப் பழக்கங்களை வைத்துக்கொள்ளுங்கள்.

சேலைத் தலைப்பை இடுப்பில் இறுகச் செருகுங்கள். துண்டைக் கழற்றி வையுங்கள். வளையலையும் கழற்றுங்கள்.

புல் தள்ளும் தொட்டி மூன்று அடி நீளம் இருக்கட்டும். உருளைக்குப் பக்கத்தில் உள்ள பாதி மூடியிருக்கட்டும். அப்போது கை உருளை வரை எட்டாது. குட்டையான தொட்டி இருந்தால் பட்டறையில் கொடுத்து நீட்டுங்கள்.

கடைசிப் புல்லைக் கையால் தள்ளாதீர்கள். அடுத்த கட்டுப் புல்லால் தள்ளுங்கள்.

புல் சிக்கினால் சுவிட்சை நிறுத்துங்கள். பிளக்கைப் பிடுங்குங்கள். சக்கரம் முழுவதும் நிற்கும் வரை காத்திருங்கள். சுவிட்சை நிறுத்திய பிறகும் சக்கரம் சுற்றிக்கொண்டிருக்கும். கத்திக்குக் கரண்டு இருக்கிறதா, இல்லையா என்று தெரியாது. வேகம் இருந்தால் வெட்டும்.

பெல்ட்டுக்கும் பல் சக்கரத்துக்கும் மூடி போட்டே ஓட்டுங்கள். சுவிட்ச், புல் தள்ளுபவருக்குக் கை எட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

வேலை முடிந்ததும் சக்கரத்தைப் பூட்டுங்கள். பிள்ளைகளால் சுற்ற முடியாது.

கத்தி மழுங்கினால் புல் சிக்கும். புல் சிக்கினால் கை உள்ளே போகும். ஆகவே கத்தியைச் சாணை பிடிப்பதும் கையைக் காப்பதுதான். கத்தியின் போல்ட்டுகள் தளர்ந்திருக்கின்றனவா என்று தினமும் மிஷினை ஓட்டும் முன் பாருங்கள். வாரம் ஒரு முறை கிரீஸ் வையுங்கள். இவை எல்லாம் பிளக்கைப் பிடுங்கிய பிறகுதான்.

மீறி விபத்து நடந்துவிட்டால்? சுத்தமான துணியால் காயத்தை இறுக்கி அழுத்துங்கள். கையை மேலே தூக்கிப் பிடியுங்கள். சாம்பல், மஞ்சள் எதுவும் போடாதீர்கள். விரல் துண்டாகிவிட்டால் தூக்கி எறியாதீர்கள். ஈரமான சுத்தத் துணியில் சுற்றிப் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டுங்கள். அந்தப் பையை ஐஸ் மேல் வையுங்கள். விரலில் ஐஸ் நேராகப் படக் கூடாது. 108க்குப் போன் செய்யுங்கள். சீக்கிரம் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனால் ஒட்டவைக்க வாய்ப்பு உண்டு.

கரண்டும் தண்ணீரும்

கொட்டகை எப்போதும் ஈரம். ஈரமும் கரண்டும் சேர்ந்தால் ஆபத்து. மோட்டாருக்கு எர்த் கம்பி கட்டாயம் வேண்டும். கோடையில் எர்த் குழி காய்ந்துவிடும். அதில் தண்ணீர் ஊற்றுங்கள். இ.எல்.சி.பி. என்ற கருவியைப் போடச் சொல்லுங்கள். கரண்டு கசிந்தால் அது உடனே நிறுத்திவிடும். அதில் ஒரு டெஸ்ட் பட்டன் இருக்கும். மாதம் ஒரு முறை அழுத்திப் பாருங்கள். லைன் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

மாடு தண்ணீர்த் தொட்டியில் வாய் வைக்கத் தயங்குகிறதா? மோட்டார் ஓடும்போது மட்டும் கால் மாற்றி மாற்றி நிற்கிறதா? கரண்டு கசிவை நம்மைவிட மாடு முன்னதாக உணரும். அடம் பிடிக்கிறது என்று அடிக்காதீர்கள். மெயின் சுவிட்சை நிறுத்துங்கள்.

மெயின் சுவிட்ச் எங்கே என்று வீட்டில் எல்லோருக்கும் தெரிய வேண்டும். மருமகளுக்கும் தெரிய வேண்டும். வேலைக்கு வரும் அண்ணனுக்கும் தெரிய வேண்டும்.

மிஷினுக்கு ஒரு நோட்டு

சினை பிடித்த நாளை எழுதி வைக்கிறோம். சொசைட்டியில் பால் கணக்கை எழுதுகிறார்கள். மிஷினுக்கும் ஒரு நோட்டுப் போடுங்கள். நான்கு கட்டம் போதும். தேதி. செய்த வேலை. செய்தவர் பெயர். அடுத்த தேதி.

"ஜனவரி 5. ரப்பர் மாற்றியது. அடுத்தது மே 5." இவ்வளவுதான். இதை எழுத உங்களுக்கு இப்போது தெரியும். நினைவு தவறும். நோட்டு தவறாது.

இன்னொரு வேலையும் உண்டு. ஒரு அட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பெரிய எழுத்தில் எழுதுங்கள்: "நிறுத்து. பிளக்கைப் பிடுங்கு. சக்கரம் நின்ற பிறகு தொடு." புல் வெட்டும் மிஷினுக்கு மேலே, கண்ணுக்கு நேராக அதைத் தொங்கவிடுங்கள். வேறு யாரும் எழுத வேண்டாம். நீங்களே எழுதுங்கள். அந்த எழுத்து ஒரு விரலைக் காப்பாற்றினாலும் போதும். நாம் படித்ததற்குப் பலன் கிடைத்துவிட்டது.

மாட்டைத் தடவிக்கொடுக்கும் கையும் அதுதான். பிள்ளைக்குச் சோறு ஊட்டும் கையும் அதுதான். அந்தக் கையைப் பத்திரமாக வைத்திருப்போம்.

கலந்து பேசுவோம்

1. உங்கள் வீட்டில் அல்லது பக்கத்துப் பண்ணையில் புல் வெட்டும் மிஷினின் தொட்டி எத்தனை அடி நீளம்? அளந்து எழுதுங்கள்.

2. கறவையில் 12 மாடு. செட் ஒன்று. காலையும் மாலையும் கறக்கிறார்கள். 2,500 கறவை முடிய எத்தனை நாள் ஆகும்?

3. மெயின் சுவிட்ச் எங்கே இருக்கிறது என்று உங்கள் வீட்டில் யார் யாருக்குத் தெரியும்?