திருத்தம் எந்தப் பக்கத்தில்?



தலைமையுரைக்கென்று ஓர் ஒழுங்கு உண்டு. எனக்கு அது கைவராது. செய்தி மேசையில் அடுத்தவர் எழுதியதை வெட்டியே காலம் கழித்தவன். நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

2009 மகாராஷ்டிர சட்டமன்றத் தேர்தல் நேரம். அன்றைய முதல்வர் அசோக் சவாணைப் புகழும் ஒரே கட்டுரை, ஒன்றுக்கொன்று போட்டியான நாளிதழ்களில், சொல் மாறாமல் வந்தது. விளம்பரம் என்ற குறிப்பு இல்லை. பத்திரிகையாளர் பி. சாய்நாத் அதை அம்பலப்படுத்தினார். காசு வாங்கிக்கொண்டு போடும் செய்திக்கு ‘பெய்டு நியூஸ்’ என்ற சொல் ஊரெல்லாம் புழங்கியது.

பத்திரிகைகள் மீதான புகார்களை விசாரிக்கும் பிரஸ் கவுன்சில், தன் உறுப்பினர்களான பரஞ்சோய் குஹா தாகுர்தா, கே. ஸ்ரீநிவாஸ் ரெட்டி ஆகிய இருவரைக் கொண்டு இதை விசாரித்தது. 71 பக்க அறிக்கை, பத்திரிகைகளின் பெயர்களோடு. ஆனால் 2010இல் கவுன்சில் வெளியிட்டது பெயர்கள் நீங்கிய சுருக்கத்தை. மத்திய தகவல் ஆணையம் உத்தரவு போட்ட பிறகுதான், 2011இல், முழு அறிக்கை வெளியே வந்தது. ஊரார் கோப்புகளைக் கேட்டு ஆர்.டி.ஐ. மனு போடுகிறவர்கள் பத்திரிகையாளர்களாகிய நாம். நம் சொந்தப் பஞ்சாயத்தின் தீர்ப்பைப் பார்க்கவும் அந்தச் சட்டமே தேவைப்பட்டது.

கவுன்சிலுக்குப் பல் இல்லை என்கிறோம். உண்மைதான். 1978ஆம் ஆண்டு பிரஸ் கவுன்சில் சட்டத்தின் 14ஆவது பிரிவு எச்சரிக்கவும் கண்டிக்கவும்தான் அதிகாரம் தருகிறது. ஆனால் அறிக்கையில் இருந்த பெயரை அப்படியே விட்டுவைக்கப் பல் எதற்கு? அரசிடம் பல் கேட்கவும் எனக்குத் துணிவில்லை. நெருக்கடிநிலையில் கவுன்சிலையே கலைத்தவர்கள் அவர்கள். தொலைக்காட்சியிலும் இதே கதைதான்: செய்திச் சேனல்கள் தாமே வைத்துக்கொண்ட ஒழுங்குமுறை அமைப்பு 2023இல் விதிக்க முடிந்த அபராதம் ஒரு லட்சம் ரூபாய். அது எந்தச் சேனலுக்கு உறைக்கும் என்று அந்த ஆண்டு உச்ச நீதிமன்றமே கேட்டது.

வெளியார் பல் இருக்கட்டும்; நம் தவறை நாமே எப்படித் திருத்துகிறோம்? நான் வேலை பார்த்த பத்திரிகை ஒன்றில், மோசடி வழக்கில் கைதானவர் படத்துக்குப் பதிலாக, அதே பெயருள்ள ஒரு ஜவுளிக் கடைக்காரரின் படம் முதல் பக்கத்தில் ஏறிவிட்டது. மூன்றாம் நாள் திருத்தம் போட்டோம்: ஒன்பதாம் பக்கம், டெண்டர் அறிவிப்புக்குக் கீழே, மூன்று வரி. படம் இல்லை. அதை எழுதியவன் நான்தான். சுருக்கமாக எழுதியதற்குப் பாராட்டும் கிடைத்தது.

கடைக்காரர் ஆபீசுக்கு வந்தார். சட்டைப் பையில் இரண்டு பத்திரிகை நறுக்குகளை மடித்து வைத்திருந்தார். கோபப்படவில்லை. “ஒன்பதாம் பக்கத்தை என் மச்சினன்கூடப் படிக்கலை சார். என் மூஞ்சியை நீங்க போட்ட இடத்துலயே போட முடியாதா?” என்றார். செய்தி ஆசிரியர் டீ வரவழைத்தார். முதல் பக்கத்தில் இடமில்லை என்று சொல்லி அனுப்பினோம். அன்று அங்கே பாதிப் பக்கம் நகைக்கடை விளம்பரம்.

முதல் அமர்வுக்கு வந்திருக்கும் கட்டுரைகள் திருத்தம் வெளியிடும் முறை பற்றியவை. படிக்கிறவர்கள் எல்லாரையும் ஒன்று கேட்கப் போகிறேன்: எந்தப் பக்கத்தில், எத்தனை வரி? மாநாட்டைத் தொடங்கி வைக்கிறேன். முதல் கட்டுரையாளர் மேடைக்கு வரலாம்.