மாட்டுக்குப் பவுண்டு இருக்கு, நாய்க்கு யார் பொறுப்பு?

(ஒன்றிய அலுவலகம் முன்பு நடந்த ஆர்ப்பாட்டத்தில் ஆற்றிய உரை)



நம்ம மாடு அடுத்தவர் நாத்தங்கால்ல வாய் வச்சா என்ன நடக்கும்? பவுண்டுல அடைப்பாங்க. தண்டம் கட்டித்தான் ஓட்டிக்கிட்டு வரணும். இதுக்கு வெள்ளைக்காரன் 1871-லேயே கால்நடை அத்துமீறல் சட்டம் போட்டுட்டான். அது தப்புன்னு நாம சொல்லல. பயிரை மேஞ்சா மாட்டுக்காரர் பதில் சொல்லணும், நியாயம்தான். ராத்திரி நாய்க்கூட்டம் பட்டியில பூந்து ஆட்டைக் கடிச்சுப் போட்டா யார் பதில் சொல்றது? அதைக் கேக்கத்தான் இங்க வந்திருக்கோம்.

வளர்ப்பு நாய்னா சட்டம் தெளிவா இருக்கு. பாரதிய நியாய சன்ஹிதா 291-வது பிரிவு, ஆபத்தான பிராணியை அஜாக்கிரதையா வச்சிருந்தா 6 மாசம் வரை ஜெயில், இல்லாட்டி 5,000 ரூபாய் வரை அபராதம், ரெண்டும் சேர்ந்தும் விதிக்கலாம்னு சொல்லுது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்துல இதுவே 289-வது பிரிவு. ஆனா நம்ம ஆட்டைக் கடிக்கிற நாய்க்கு எசமான் கிடையாதே! 2024 மார்ச்சில் மத்திய அரசு 23 வகை வெளிநாட்டு நாய்களுக்குத் தடைன்னு ஒரு கடிதம் அனுப்பிச்சு, அடுத்த மாசமே கர்நாடக ஐகோர்ட் அதை ரத்து பண்ணிச்சு. பட்டணத்துல அதைப் பத்தித்தான் பேச்சு. நம்ம ஊர்ல ஆட்டைக் கடிக்கிறது ராட்வீலரா? தெருநாய்ங்க.

தெருநாய்க்கும் சட்டம் இருக்கு. 2001-ல் வந்த விதியை மாத்தி 2023-ல் விலங்குகள் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகள்னு புதுசா போட்டாங்க. நாயைப் பிடிச்சு, கருத்தடை செஞ்சு, வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, பிடிச்ச இடத்துலயே விடணும். செய்ய வேண்டியது உள்ளாட்சி. ஆபரேஷன் அறை, கூண்டு, டாக்டர், விலங்கு நல வாரியத்தோட அங்கீகாரம், இத்தனையும் வேணும். தெருவிளக்குக்குப் பல்பு மாத்தவே காசு இல்லேங்குற ஊராட்சி இதை எங்க போய்ச் செய்யும்? பொறுப்பைக் கீழே தள்ளிட்டாங்க, பணத்தை மேலேயே வச்சுக்கிட்டாங்க. இதுதான் நம்ம வழக்கு.

2025 நவம்பர் 7-ம் தேதி சுப்ரீம் கோர்ட் ஒரு உத்தரவு போட்டுச்சு. பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, பஸ் ஸ்டாண்டு, ரயில்வே ஸ்டேஷன் இங்கெல்லாம் இருக்கிற தெருநாயைப் பிடிச்சு, திரும்ப அங்கே விடக் கூடாதுன்னு. நல்லது, பிள்ளைங்க பிழைக்கட்டும். ஆட்டுப்பட்டி அந்தப் பட்டியல்ல இல்லை.

நம்ம பக்கம் அறுப்பு முடிஞ்சதும் ராமநாதபுரத்துக் கீதாரிங்க ஆட்டை ஓட்டியாந்து வயல்ல கிடை போடுறாங்க. அந்தப் புழுக்கையும் மூத்திரமும் நமக்கு உரம். திறந்த வயல், வலைக் கயிறுதான் வேலி. நாய் பூந்தா கடிபட்டு சாகுறது கொஞ்சம், மிரண்டு மிதிபட்டு, குட்டி வீசிப் போறது மிச்சம். நிலமில்லாத கூலிக்காரக் குடும்பத்துக்கு அந்த ரெண்டு ஆடுதான் பேங்கு. பள்ளிக்கூடம் திறக்கிற மாசம் வித்துப் பீஸ் கட்டுறதும் அதுலதான். நாய் ஏன் இப்படிப் பெருகுது? வாய்க்கால் கரையில மூட்டை மூட்டையாக் கோழிக்கழிவைக் கொட்டுறானே, அவனைக் கேளுங்க!

காங்கேயம், வெள்ளகோவில் பக்கம் விவசாயிங்க செத்த ஆட்டை ரோட்டுல போட்டு உட்கார்ந்தாங்க. அதுக்கப்புறம்தான் 2025-ல் அரசு இறங்கி வந்து, ஆட்டுக்கு 6,000, மாட்டுக்கு 37,500 ரூபாய்னு நிவாரணம் கொடுத்துச்சு. வளர்ந்த கிடா சந்தையில் என்ன விலை போகுதுன்னு உங்களுக்கே தெரியும். ஆனாலும் உட்கார்ந்தவனுக்குத்தான் அதுவும் கிடைச்சுது.

ஒண்ணு கண்டிப்பாச் சொல்றேன். ஆத்திரத்துல விஷம் வைக்காதீங்க. பிராணியைக் கொன்னா 325-வது பிரிவுல 5 வருஷம் வரை ஜெயில், வழக்கு நம்ம தலையில விழும். அந்த விஷக்கறியை நம்ம கோழியும் காவல் நாயும் தின்னும். சொந்தமா நாய் வச்சிருக்கிறவங்க தடுப்பூசி போடுங்க, ராத்திரி கட்டிப் போடுங்க. மனுஷரை நாய் கடிச்சா மஞ்சளும் சுண்ணாம்பும் அப்பாதீங்க. ஓடுற தண்ணியில சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவிட்டு, அப்படியே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஓடுங்க. ஊசி இலவசம். சொன்ன தேதி ஒண்ணு விடாமப் போடணும். வெறிநோய் வந்துட்டா வைத்தியமே இல்லை.

அதிகாரிகள்கிட்ட நாம கேக்கிறது இதுதான். ஒன்றியத்துக்கு ஒரு கருத்தடை மையம், அரசு செலவுல. ஒரத்தநாட்டுல கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கு, அங்கிருந்தே தொடங்கட்டும். ஆடு செத்தா சந்தை விலை, அதுவும் ஒரு மாசத்துக்குள்ள. கிடைக்காரங்க வெளி மாவட்டம்னு தட்டிக் கழிக்கக் கூடாது. கழிவு கொட்டுற வண்டியைப் பிடிச்சுப் பறிமுதல் செய்யணும்.

நம்ம பக்கம் செய்ய வேண்டியதும் உண்டு. ஆடு செத்தா உடனே புதைக்காதீங்க. கால்நடை டாக்டரைக் கூப்பிட்டுக் காட்டி, போட்டோ எடுத்து, சான்று வாங்கி, மனு கொடுத்து, ரசீதைக் கையில வச்சுக்குங்க. அடுத்த கிராம சபையில இந்தக் கோரிக்கையைத் தீர்மானமா எழுதச் சொல்லுங்க. எழுதி முடிச்சு, படிச்சுக் காட்டின பிறகு கையெழுத்துப் போடுங்க. வெத்து நோட்டுல போடாதீங்க.