பகுத்துண்ணலும் பதார்த்தப் பெயர்களும்

(மகாவீரர் ஜெயந்தி விழாவில் ஆற்றிய உரை)

 

அகிம்சை குறித்து அறிஞர் பலர் இம்மேடையில் உரையாற்றியுள்ளனர். அந்த அறம் நாள்தோறும் நிகழும் இடம் நம் அடுக்களை. ஆதலால் நம் வீட்டு உணவைப் பகிர்வது பற்றியும், அவ்வுணவுக்கு நாம் இடும் பெயர்கள் பற்றியும் சில சொல்ல விழைகிறேன்.

திருக்குறளில் விருந்தோம்பலுக்கென 9-ஆம் அதிகாரம் தனியே உள்ளது. எனினும், கிடைத்ததைப் பிறரோடு பகுத்துண்டு பல உயிர்களையும் காப்பதே தலையாய அறம் என்னும் கருத்தை ஆசிரியர் 33-ஆம் அதிகாரமாகிய கொல்லாமையில் வைத்தார். கொல்லாதிருப்பதும் பகிர்ந்து உண்பதும் ஓரறத்தின் இரு பக்கங்கள் என்பது இவ்வைப்பு முறையால் விளங்கும். நம் இல்லறத்தார் விரதங்களுள் அதிதி சம்விபாகம் ஒன்று. 'சம்விபாகம்' என்பதன் பொருள் முறையாகப் பகுத்தளித்தல். நால்வகைத் தானங்களில் ஆகார தானமும் ஒன்று என்பதை நம் இல்லத்துப் பிள்ளைகளும் அறிவர்.

நான் நாங்குநேரியில் தமிழாசிரியனாகப் பணியாற்றிய ஆண்டுகளில் பகலுணவு வேளை ஒரு சிறு சபையாகவே திகழ்ந்தது. அவ்வூர் வானமாமலைப் பெருமாள் கோயிலும் வானமாமலை மடமும் விளங்கும் வைணவத் தலம். அங்கே வைணவ நண்பர் தம் தூக்கைத் திறந்து 'சாற்றமுது' என்பார். மற்றொருவர் அதனையே 'ரசம்' என்பார். வந்தவாசிப் பக்கத்தினனாகிய நான் 'மிளகுச் சாறு' என்பேன். பொரியல் அவர்க்குக் கறியமுது, பாயசம் திருக்கண்ணமுது. நான் 'பனைவெல்லம்' என்றதை அவர்கள் எல்லாரும் ஒரே குரலில் 'கருப்பட்டி' என்று திருத்தினர். கூட்டாஞ்சோறு என்னும் பெயர் காய்களையும் பருப்பையும் அரிசியையும் ஒரே பானையில் கூட்டியதால் வந்ததா, பல வீட்டுப் பிள்ளைகள் ஆளுக்கொரு பொருள் கொணர்ந்து கூடி ஆக்கியதால் வந்ததா என்று ஒரு வாரம் வழக்காடினோம். தீர்ப்பு எட்டவில்லை. கலங்கள் மட்டும் நாள்தோறும் காலியாயின.

கடுமையான வழக்கு சொதி பற்றியது. பாசிப்பருப்பும் காய்கறிகளும் தேங்காய்ப்பாலும் சேர்ந்த இக்குழம்பு திருநெல்வேலிச் சைவ வேளாளர் இல்லங்களில் திருமணத்தின் மறுவீட்டு விருந்துக்கு உரியது. 'மாப்பிள்ளைச் சொதி' என்றே பெயர் பெற்றது. இலங்கைத் தமிழரிடமும் சொதி உண்டு. ஆயினும் அங்கே அது இடியாப்பத்துக்கு ஊற்றும் நீர்த்த தேங்காய்ப்பால் குழம்பு. சிங்களவர் தேங்காய்ப்பால் குழம்பைக் 'கிரி ஹொதி' என்பர். கடலுக்கு இருபுறமும் பெயர் ஒன்றாக ஒலிக்க, பண்டம் வேறாக நிற்கிறது.

ஒருநாள் என் இல்லத்தார் உருளைக்கிழங்கு, காரட், வெங்காயம், வெள்ளைப்பூண்டு, இஞ்சி ஆகியவற்றை நீக்கி, பீன்ஸும் பட்டாணியும் முருங்கைக்காயும் இட்டு, இஞ்சிக்கு ஈடாகச் சுக்குத் தட்டிப்போட்டுச் சொதி செய்து கொடுத்தனுப்பினார். நண்பர் சுவைத்துவிட்டு, "சார்வாள், ருசி நல்லாத்தான் இருக்கு. ஆனா கிழங்கும் வெள்ளப்பூடும் இல்லாம இதைச் சொதின்னு சொல்லலாமா?" என்றார். மற்றொருவர், "தேங்காய்ப்பால் இருக்குல்லா, அப்போ சொதிதான்" என்றார்.

விளையாட்டாகக் கேட்ட அக்கேள்வியின் ஆழத்தைப் பின்னர் உணர்ந்தேன். ஒரு பண்டத்தின் பெயர் அதில் இடும் பொருளைச் சார்ந்ததா, ஆக்கும் முறையைச் சார்ந்ததா, உண்ணும் மக்களைச் சார்ந்ததா?

இதற்கு நம் சமய இலக்கியமே ஒரு சான்று தருகிறது. கி.பி. 920 அளவில் சிவகோடியாச்சாரியர் கன்னடத்தில் இயற்றிய வட்டாராதனை என்னும் சமணக் கதைநூலில் 'இட்டலிகே' என்னும் உணவு குறிக்கப்படுகிறது. 12-ஆம் நூற்றாண்டு மானசோல்லாசம் இதனை ஒத்த பெயருடைய பண்டத்தை உளுந்து மாவால் செய்யக் கூறுகிறது, அரிசியைக் கூறவில்லை. இன்று நம் வழக்கமான இட்டிலி அரிசி கலந்தது. பண்டம் மாறியும் பெயர் நிலைத்தது. ஆகவே கிழங்கில்லாச் சொதியும் சொதியே என்று வாதிட எனக்கு ஒரு சமண நூல் துணை நின்றது.

ஆயின் மறுதலைச் சான்றும் நாங்குநேரி வட்டத்திலேயே உண்டு. சிங்கிகுளத்துக் குன்றின்மேல் உள்ள பகவதியம்மன் கோயில் முற்காலத்தில் சமணப் பள்ளியாக விளங்கியது. அங்குள்ள தீர்த்தங்கரர் திருவுருவம் இன்று முனீசுவரர் என்னும் பெயரில் வழிபடப்படுகிறது. வழிபடுவோர் அன்புடனேயே வழிபடுகின்றனர். அவர்மேல் குறை கூற ஒன்றுமில்லை. உருவம் அப்படியே இருக்கப் பெயர் மட்டும் மாறிற்று. பழைய பெயரைச் சொல்லி வணங்கும் குடும்பங்கள் அவ்வூரில் இல்லாது போயின. அதனால் பெயரும் போயிற்று.

அன்பர்களே, இதனை நம் அடுக்களையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் சமணர் ஏறத்தாழ 89 ஆயிரம் பேர். வடபுலத்திலிருந்து வந்து வாழ்வோரும் அதில் அடங்குவர். தமிழ்ச் சமணர் அதனினும் சிறு தொகையினர். இன்று உணவு விடுதியிலும் விமானத்திலும் 'ஜெயின் சாப்பாடு' என்று கேட்டால் வருவது பெரும்பாலும் சப்பாத்தியும் சப்ஜியுமே. அவை நல்லுணவே, நம் அறத்துக்கும் ஒத்தவையே. ஆனால் நகரத்தில் வளரும் நம் பேரப்பிள்ளைகள் 'சமண உணவு' என்றால் அவை மட்டுமே என்று எண்ணத் தொடங்கிவிட்டனர். பாட்டி வைத்த மிளகுச் சாறும், பொழுது சாயுமுன் இலையிலிட்ட பருப்புச் சோறும் அவர்கள் எண்ணத்தில் அப்பெயருக்குள் வரவில்லை.

நம் உணவுக்குத் தனிப்பெயர் இல்லாமை குறையன்று. அயலார் உண்ட அதே குழம்பையும் கூட்டையுமே நாமும் உண்டோம். கள், தேன், ஊன் நீக்குதல், நீரை வடிகட்டிக் கொள்ளுதல், இரவுண்ணாமை ஆகிய ஒழுக்கங்களே நம்மை வேறுபடுத்தின. கிழங்கும் பூண்டும் நாள்தோறும் தவிர்ப்போரும் உண்டு. நோன்பு நாளில் மட்டும் தவிர்ப்போரும் உண்டு. ஒழுக்கத்தை நூல்கள் காக்கும்; அருங்கலச்செப்பு நம்மிடம் உள்ளது. பண்டத்தையும் அதன் பெயரையும் காக்க நூல் இல்லை. ஆக்குபவரும் உண்பவரும் பேசுபவரும் ஒருங்கிருந்தால்தான் அவை நிற்கும்.

ஆதலின் ஒரு வேண்டுகோள். அடுத்த விழாவில் சமையற்காரர் ஆக்கும் விருந்தோடு, வீட்டுக்கொரு பதார்த்தமும் கொண்டு வாருங்கள். அதன் பெயரை உங்கள் தாயார் எப்படிச் சொன்னாரோ அப்படியே சொல்லுங்கள். அண்டை வீட்டார் வேறு பெயர் சொன்னால் மகிழ்ந்து வழக்காடுங்கள். இளைஞர் ஒருவர் ஒரு குறிப்பேட்டில் ஊர், பெயர், செய்முறை, விலக்கும் பொருள் ஆகியவற்றை எழுதிக்கொள்ளட்டும். பிற சமயத்து நண்பர்களையும் அப்பந்திக்கு அழையுங்கள். நாங்குநேரியில் என் சொதிக்குப் பெயர் உண்டா என்று கேட்டவரும், உண்டு என்றவரும் நம் சமயத்தார் அல்லர்.

வழக்கு எவ்வளவு நீண்டாலும் பொழுது சாயுமுன் உண்டு முடித்துவிடுங்கள். பெயர் பற்றிய பேச்சை விளக்கொளியிலும் தொடரலாம்.